நடுவில் ஒரு மச்சான்

உனைசிக்கு அந்தக் கொப்புளங்களைப் பார்த்ததுமே பற்றிக்கொண்டு வந்தது. ஞாயிற்றுக்கிழமை, தேவாலயத்துக்குக் கிளம்புகிற நேரம். புருஷன் நெமானி கண்ணாடி முன்னால் நின்று தாடையைப் பரபரவென்று சொறிந்துகொண்டிருந்தான்.

"கையை எடுய்யா! சொறியாதே. என்ன பண்ணுது, ஊறுதா, எரியுதா?"

"சுருக் சுருக்குன்னு குத்துது. கொசு கடிச்சிருக்கும்."

"கொசு என்ன, உன் தாடையில கூட்டம் போட்டுதா? இந்த வாரம் ஆட்டத்துல யாரு கன்னத்தோட உன் கன்னத்தைத் தேய்ச்ச?"

"பக்கத்துல எசாலாதான். அவனுக்கு வலது கன்னத்துல ரெண்டு மூணு நாளாவே கொத்துக் கொத்தா இருக்கு. வெயில் கட்டின்னு சொன்னான்."

வெயில் கட்டியாம்! ரக்பியில் முன்வரிசைக்காரர்கள் மூன்று பேர் தோளோடு தோள் கட்டிக்கொண்டு, எதிராளிகள் மூன்று பேரின் தலைகளுக்கு நடுவே தலையை நுழைத்து முட்டுகிறார்கள். சவரம் செய்த கன்னமும் சவரம் செய்த கன்னமும் உரசித் தோல் கீறுகிறது. ஒருத்தனுக்கு ஹெர்பிஸ் இருந்தால் மொத்த வரிசையும் வாங்கிக்கொள்ளும். காய்ச்சல் வந்தால் உதட்டோரம் பொத்துக்கொண்டு வருமே, அதே கிருமிதான். நர்ஸாகச் சொந்தத் தீவுக்கே மாற்றலாகி வந்த நாளிலிருந்து உனைசி இதைச் சொல்லாத கூட்டம் இல்லை. எல்லாரும் தலையாட்டுவார்கள். ஆட்டம் முடிந்ததும் ஒரே துண்டில் ஊரே முகம் துடைக்கும்.

நெமானிக்கு அப்போதே மாத்திரையைக் கொடுத்து விழுங்க வைத்தாள். இந்த வியாதியின் ரகசியம் அவ்வளவுதான். குத்தல் தொடங்கியதும் அசைக்ளோவிர் உள்ளே போய்விட்டால் கொப்புளம் அடங்கிவிடும். வெடித்து நீர் கோத்த பிறகு கொடுத்தால் தாமதம்தான், ஆனாலும் பலன் உண்டு. பையன்கள் எல்லாரும் களிம்பு கேட்டு வருவார்கள். களிம்பு பூசினால் மனசு ஆறும், புண் ஏதோ கொஞ்சம் சீக்கிரம் ஆறும். முகம் முழுக்கப் பரவியவனுக்குக் களிம்பை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

நெமானி விஷயம் முடிந்தது. எசாலா விஷயம்தான் இடித்தது. எசாலா அவளுடைய சித்தப்பா மகன். சித்தப்பா மகன் என்றால் உடன்பிறந்த தம்பி, அதில் மாற்றுப் பேச்சே இல்லை. அந்தத் தீவில் வயதுக்கு வந்த அக்காவும் தம்பியும் ஒருவரோடு ஒருவர் பேசக்கூடாது, முகத்துக்கு முகம் பார்க்கக்கூடாது. எதிரே வந்தால் ஒருவர் குனிந்து விலகிப் போகவேண்டும். அது மரியாதை. போனில் பேசினாலும் பேச்சுதான், எழுதி அனுப்பினாலும் பேச்சுதான். மற்ற அண்ணன் தம்பிகள் காலை வெட்டிக்கொண்டு வந்தால் யாரையாவது நடுவில் நிறுத்திக்கொண்டு தைத்து அனுப்பிவிடுவாள். எசாலாவோ மரியாதை விஷயத்தில் ஊருக்கே உதாரணம். அவள் குரல் கேட்டாலே எழுந்து அடுத்த வாசல் வழியாக வெளியே போய்விடுவான்.

அதனால் நடுவில் நெமானிதான். எசாலாவுக்கு அவன் மச்சான். மச்சான்களுக்குள் எதையும் பேசலாம், எப்படியும் கிண்டல் பண்ணலாம், யாரும் கோபித்துக்கொள்ளக்கூடாது. அதுவும் மரியாதைதான் என்று நெமானி சொல்லுவான்.

"இந்த மாத்திரை முழுசும் அவன் சாப்பிடணும். புண்ணு காய்ஞ்சு பொருக்கு உதிர்ற வரைக்கும் ஆடக்கூடாது. புண்ணைத் தொட்ட கையால கண்ணைத் தொடக்கூடாது. கண்ணு சிவந்தா அந்த நிமிஷமே இங்க வரணும். சொல்லிடுவியா?"

"சொல்லிடறேன், சொல்லிடறேன்."

"ஆடக்கூடாதுன்னு சொல்லுவியா?"

"அடியே, மாகாண அணித் தேர்வு வருது. அவனை எடுத்தாங்கன்னா சுவாவுல பெரிய மைதானம், அங்க ஜெயிச்சா வெளிநாடு. அந்தப் பயலோட வாழ்க்கையே அதுல இருக்கு."

"அவனோட வலது கண்ணு அந்தக் கொப்புளத்துக்கு ரெண்டு விரல் பக்கத்துல இருக்கு. அதையும் அவன்கிட்ட சொல்லு."

நெமானி மாத்திரையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனான். அன்று சாயங்காலம் திரும்பி வந்து, "கொடுத்துட்டேன்" என்றான். யங்கோனா என்ற வேர்ச்சாற்றைக் குடித்து நாக்கு தடித்திருந்தது. நேராகப் பாயில் போய்ப் படுத்துவிட்டான்.

அடுத்த நாட்களில் உனைசி கேட்டுக்கொண்டே இருந்தாள். சாப்பிடுகிறானா? சாப்பிடுகிறான். காய்கிறதா? காய்கிறது. பயிற்சிக்குப் போகிறானா? சும்மா ஓடுகிறான், முட்டுவதில்லை. ஒவ்வொரு பதிலும் கேள்வி முடிவதற்குள் வந்தது. அவளுக்கு அதுவே பிடிக்கவில்லை. சுகாதார நிலையத்து ஜன்னலிலிருந்து மைதானம் தெரியும். மைதானத்தில் யார் முட்டுகிறார்கள் என்று தெரியும், முகம் தெரியாது. தெரிந்தாலும் அவள் பார்க்கக்கூடாது. நர்ஸுக்கு ஊர் முழுக்க உடம்பு பார்க்க உரிமை உண்டு, தன் தம்பி மூஞ்சியைப் பார்க்க உரிமை இல்லை. என்ன வேலையடா இது என்று மருந்து அலமாரியைப் பார்த்துத் திட்டினாள்.

அதற்கு அடுத்த ஞாயிறு, மரவள்ளியும் மீனும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நெமானி குஷியாகச் சொன்னான்.

"எசாலா கண்ணு தெளிஞ்சிடுச்சு. பாரு, நீ தேவையில்லாம பயந்த."

உனைசி கையிலிருந்த மீன் தட்டில் விழுந்தது. "கண்ணா? கண்ணுக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. லேசா சிவந்துது. மண்ணு விழுந்திருக்கும். மக்கெரெத்தா அத்தைகிட்ட ஒரு சொட்டு மருந்து இருந்துது, புரை ஆபரேஷன் பண்ணப்ப கொடுத்தது. அதை விட்டாங்க. ரெண்டே நாள்ல செகப்பு போச்சு. நல்ல மருந்து!"

அவள் கையைக் கூடக் கழுவாமல் எழுந்து ஓடினாள்.

சித்தி மக்கெரெத்தாவின் வீட்டுக்கு மூன்று வாசல். உனைசி முன்வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பக்க வாசல் வழியாக ஒரு பெரிய முதுகு குனிந்து வெளியே போனது. அது எசாலா. எப்பேர்ப்பட்ட மரியாதை! அந்த முதுகின் மேல் எதையாவது எறியலாம் போல அவளுக்கு வந்தது.

"சித்தி, உங்க கண்ணு மருந்தைக் கொடுங்க."

"உனக்கும் கண்ணு வலியா? தீரப்போகுதும்மா. தம்பிக்குக் கொஞ்சம் மிச்சம் வைக்கணும்."

"தம்பிக்கு அதை விடவே கூடாது!"

"ஏன் விடக்கூடாது? கண்ணு டாக்டர் கொடுத்தது. எனக்கு எவ்வளவு நல்லா கேட்டுது தெரியுமா? வேதாகமம் படிக்கறேன் இப்ப."

உனைசி குப்பியை வாங்கி எழுத்தைப் படித்தாள். நினைத்ததுதான். ஸ்டீராய்டு. ஆபரேஷன் செய்த கண்ணுக்கு அமிர்தம். ஹெர்பிஸ் புகுந்த கண்ணில் தனியாக விட்டால் சிவப்பும் வலியும் குறையும், உள்ளே கிருமி கருவிழியைத் தின்னும். ஆள் தேறிவிட்டதாக நினைத்துக்கொண்டிருப்பான். டாக்டர் சித்திக்குக் கொடுத்தார், சித்தி அன்பாக மகனுக்குக் கொடுத்தாள். யாரைக் குறை சொல்வது? சித்தியிடம் விளக்கியபோது சித்தியின் வாய் கோணிக்கொண்டது. "நான் நல்லதுக்குத்தானே விட்டேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

"அவனை இப்பவே நிலையத்துக்கு வரச் சொல்லுங்க."

"நீ இருக்கிற இடத்துக்கு எப்படிம்மா வருவான்?"

"உங்க மாப்பிள்ளையோட வரட்டும். நடுவில திரை போட்டுக்கறேன். வரலைன்னா நான் தெருத்தெருவா துரத்துவேன், அந்த அசிங்கம் யாருக்குன்னு கேளுங்க."

வந்தான். நெமானி அவனைத் தள்ளிக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார வைத்தான். நடுவில் பூப்போட்ட திரை. திரைக்கு இந்தப் பக்கம் உனைசி.

"வெளிச்சத்துல கூசுதான்னு கேளு."

"மச்சான், வெளிச்சத்துல கூசுதா?"

"கூசுது மச்சான்."

"கூசுதாம்."

"எனக்கும் காது இருக்குய்யா! இடது கண்ணை மூடிக்கிட்டு வலது கண்ணால சுவத்துல இருக்கற எழுத்துப் படத்தைப் படிக்கச் சொல்லு."

எசாலா நாற்காலியில் திரும்பும் சத்தம் கேட்டது. பிறகு எசாலாவின் குரல், "எந்தப் படம் மச்சான்?"

உனைசி மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். கண்ணில் புண் இருந்தால் பச்சையாகக் காட்டும் சாயப் பட்டை ஒன்றைத் திரைக்கு அடியில் நீட்டினாள். இமையை இழுத்து உள்ளே எப்படித் தொட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தாள். நீல வெளிச்சம் காட்டும் டார்ச்சைக் கொடுத்தாள்.

"என்ன தெரியுது?"

"பச்சையா மின்னுது."

"எப்படி? கிளை கிளையா இருக்கா?"

"கிளையெல்லாம் இல்ல. பெரிய திட்டா இருக்கு. நடுவிலேயே இருக்கு." நெமானியின் குரலில் இருந்த குஷி எங்கோ போயிருந்தது. "உனைசி, இது நல்லதா கெட்டதா?"

கிளையாக இருந்திருந்தால் சீக்கிரம் பிடித்தோம் என்று அர்த்தம். கிளைகள் ஒன்றோடொன்று சேர்ந்து திட்டாகிவிட்டது என்றால் நாள் கடந்துவிட்டது. அதுவும் நடுவில், பார்வை போகிற பாதையில். தன் கண்ணால் ஒரு தரம் பார்த்தால் போதும். ஒரே தரம். அவள் கை திரையின் ஓரத்தைப் பிடித்தது. பிடித்த அந்தக் கணமே அந்தப் பக்கம் நாற்காலி கிறீச்சென்று பின்னால் நகர்ந்தது. கையை எடுத்துவிட்டாள்.

"கெட்டது. நாளைக்குக் காலையில படகு வரச்சொல்றேன், சுவாவுக்குப் போகணும். கண்ணுல போடற ஹெர்பிஸ் மருந்து என்கிட்ட இல்ல, அங்கதான் கிடைக்கும். அந்தத் தோல் களிம்பை யாரும் எடுத்துக் கண்ணுல அப்பிடாதீங்க, புண்ணியமாப் போகும். அதுவரைக்கும் மாத்திரை. மாத்திரையும் கண்ணு வரைக்கும் போய் வேலை செய்யும். முதல்ல கொடுத்ததுல மிச்சம் எவ்வளவு இருக்கு?"

திரைக்கு அந்தப் பக்கம் முணுமுணுப்பு. எசாலா ஏதோ சொன்னான், நெமானி ஏதோ அடக்கினான்.

"அந்த மாத்திரை வேண்டாமாம்" என்றான் நெமானி.

"வேண்டாமா? சாப்பிட்டுக்கிட்டு இருக்கான்னு சொன்னியே?"

"இல்ல... அது வந்து..."

"எது வந்து?"

மெல்ல மெல்ல வெளியே வந்தது. அன்றைக்கு நெமானி மாத்திரையை எசாலாவிடம் தனியாகக் கொடுக்கவில்லை. யங்கோனா சட்டியைச் சுற்றி ஆட்டக்காரர்கள் எல்லாரும் உட்கார்ந்திருக்க, சிரட்டை கைமாறிக்கொண்டிருக்க, நடுவில் வைத்துக் கொடுத்தான். நாந்தி நகரத்து ஓட்டலில் வேலை பார்த்துவிட்டு வந்த ஒருவன் மாத்திரையின் பெயரைப் படித்தான். "அட, இதுவா! எனக்கும் கொடுத்தாங்க. ஆனா எனக்குக் கன்னத்துல இல்ல" என்றான். கூட்டம் கொல்லென்று சிரித்தது. அதோடு விட்டிருக்கலாம். மச்சான் உரிமை இருக்கிறதே, நெமானியின் வாய் சும்மா இருக்குமா? "மச்சான், எந்த ஊர்ல போய் வாங்கிட்டு வந்த? உன் அக்காவுக்கே தெரிஞ்சுபோய், பாவம், தம்பியாச்சேன்னு மருந்து அனுப்பியிருக்கா" என்று அவன்தான் சொன்னான்.

எசாலாவும் கூடச் சிரித்தானாம். சிரித்துவிட்டு எழுந்து போய் மாத்திரைகளைக் கடலில் வீசினானாம்.

உனைசிக்குப் புரிந்துவிட்டது. மற்றவர்கள் சிரித்தது அவனுக்கு ஒன்றும் இல்லை, மச்சான்கள் சிரிக்கத்தான் பிறந்தவர்கள். இடுப்புக்குக் கீழே வரும் வியாதி தனக்கு இருப்பதாக அக்கா நினைத்துவிட்டாள் என்பதுதான் அவனைக் கொன்றது. முகத்தைக் கூடப் பார்க்காத அக்கா, அதைப் போய் நினைத்துவிட்டாள்! அந்த மாத்திரையை விழுங்கினால் ஆமாம் என்று ஒப்புக்கொண்ட மாதிரி. அவன் எப்படி விழுங்குவான்?

"நீ ஒரு மனுஷனாய்யா?" என்றாள். "உன்னை நம்பித்தானே நான் மருந்து அனுப்பினேன்! ஒரு வார்த்தை என்கிட்ட சொன்னியா? தினம் கேட்டேனே, தினம் தலையாட்டினியே!"

"விளையாட்டுக்குச் சொன்னேன். அவன் இப்படி எடுத்துக்குவான்னு..."

"போதும். நீ இனிமே திருப்பிச் சொல்ல வேண்டாம். அங்கேயே நில்லு. நான் உன்கிட்ட பேசறேன், கேக்கறவங்க கேக்கட்டும்." அவள் திரையைப் பார்த்தபடி கத்தினாள். "இது முட்டுல வர்றது. கன்னம் உரசி வர்றது. கிருமிக்கு மானம் மரியாதை தெரியாது, தோல் கிடைச்சா போதும். உதட்டுல வர்றதும் இதுதான், கீழ வர்றதும் இந்த ஜாதிதான், எல்லாத்துக்கும் ஒரே மாத்திரைதான். குழந்தையில யாராவது முத்தம் கொடுத்தப்பவே பாதி உலகம் வாங்கியாச்சு. எங்க அப்பாவுக்கு உதட்டோரம் வரும். எனக்கு வரும், வருஷா வருஷம் வரும், இதே மாத்திரையைத்தான் நான் விழுங்கறேன். என் தம்பியைப் பத்தி நான் ஒருநாளும் தப்பா நினைச்சதில்ல. கேட்டுதா நெமானி?"

"கேட்டுது" என்றான் நெமானி, சின்னக் குரலில்.

உனைசி புது மாத்திரை அட்டையைத் திரைக்கு அடியில் தள்ளினாள். பிறகு, "தண்ணி கொடு மச்சான்" என்று எசாலாவின் குரல் வந்தது. மாத்திரையை விழுங்கும் சத்தம் கேட்டது. உனைசி சுவரில் சாய்ந்துகொண்டாள். இவ்வளவுதானே, இதற்குத்தானே இத்தனை நாள்!

"சனிக்கிழமை ஆடலாமான்னு கேளு மச்சான்" என்றான் எசாலா அடுத்ததாக.

அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. "கூடாதுன்னு சொல்லு" என்றாள். நெமானி இந்த முறை ஒரு எழுத்துக் கூட மாற்றாமல் சொன்னான்.

மறுநாள் சித்தியோடு அவனைப் படகில் ஏற்றினார்கள். சனிக்கிழமை தேர்வு நடந்தது. முன்வரிசையில் எசாலாவின் இடத்தில் வேறொருவன் நின்றான், அவனையே மாகாணத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். ஊரில் கொட்டு முழங்கியது. சுவா ஆஸ்பத்திரியில் எசாலாவின் கண்ணில் பகல் முழுக்க மருந்து போட்டுக்கொண்டிருந்தார்கள். சித்தி போனில் அழுதாள். கிருமி அடங்கிவிட்டதாம், தழும்பு தங்கிவிட்டதாம். தழும்பு என்றால் எவ்வளவு என்று உனைசி கேட்டால் சித்திக்குச் சொல்லத் தெரியவில்லை.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் ஆஸ்பத்திரியின் கண் டாக்டரம்மா தீவின் நர்ஸை வரச்சொன்னார். உனைசி நெமானியையும் இழுத்துக்கொண்டு சுவாவுக்குப் போனாள். டாக்டரம்மா அறையில் படம் போட்டு விளக்கினார். கருவிழி நடுவே வெள்ளையாகிவிட்டது. வெளிச்சம் தெரியும், விரலை எண்ண முடியாது. வேறு கண்ணிலிருந்து கருவிழி எடுத்து வைக்க வழி உண்டு, ஆனால் அதற்கு வெளிநாட்டிலிருந்து குழு வரவேண்டும், வந்தாலும் இந்தக் கிருமி உள்ளே பதுங்கியிருக்கும்வரை புதுக் கண்ணையும் அது விடாது. ஆகவே இப்போதைக்கு முக்கியம் ஒன்றுதான். கிருமி மறுபடி கிளம்பாமல் இருக்க, காலையும் மாலையும் மாத்திரை, குறைந்தது ஒரு வருஷம். "நிறையப் பேர் பாதியில நிறுத்திடுறாங்க. நீங்க அவரோட அக்காவாமே? நீங்களே சொல்லிடுங்க, உங்க பேச்சைக் கேப்பாரு" என்றார் டாக்டரம்மா. உனைசிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

வெளியே தாழ்வாரத்தில் பெஞ்சு ஒன்றில் எசாலா தனியாக உட்கார்ந்திருந்தான். சித்தி மாத்திரை வாங்கும் வரிசையில் நின்றாள். நெமானி டீயும் ரொட்டிப் பொட்டலமும் வாங்கப் போயிருந்தான். பெஞ்சைத் தாண்டாமல் வாசலுக்குப் போக வழியில்லை. உனைசி வழக்கம்போலக் குனிந்து, அவனுடைய வலது பக்கமாக நடந்தாள். அவன் எழுந்திருக்கவில்லை. விலகவில்லை. தலையைக் கூடத் திருப்பவில்லை.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அந்தப் பக்கத்திலிருந்து அவன் அவளைப் பார்க்கவில்லை.

அவள் நின்றாள். பிறகு பெஞ்சின் அந்த ஓரத்திலேயே மெல்ல உட்கார்ந்து, சின்ன வயதுக்குப் பிறகு முதல்முறையாகத் தம்பியின் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். கன்னத்தில் கொப்புளம் இருந்த இடம் வெளிறியிருந்தது. காதோரம் இப்போதே ஒரு நரை. உனைசியின் அப்பாவுக்கு இருந்த அதே மூக்கு. இதெல்லாம் அவளுக்கு இதுவரை தெரியாது. கருவிழிமேல் பால் படிந்த மாதிரி ஒரு வெண்மை, அதையும் பார்த்தாள்.

பெஞ்சு அசைந்ததை உணர்ந்து எசாலா, முன்னால் இருந்த சுவரைப் பார்த்தபடியே, தாழ்ந்த குரலில் பேசினான்.

"வந்துட்டியா மச்சான்? அக்கா டாக்டர்கிட்ட பேசிட்டு வந்ததும் கேட்டுச் சொல்லு. என்கிட்ட யாரும் நேரா சொல்ல மாட்டேங்கறாங்க. இந்தக் கண்ணு திரும்ப வருமா, வராதா?"

உனைசி தாழ்வாரத்தின் கோடிவரை பார்த்தாள். நெமானியைக் காணோம்.

"வராதுடா தம்பி" என்றாள்.

அவன் உடம்பு விறைத்தது. எழப்போனான். கைகள் பெஞ்சை அழுத்தின, ஆனால் எழவில்லை. தலை குனிந்தது, தோள்கள் குலுங்கின, சத்தம் வரவில்லை. உனைசியும் சத்தமில்லாமல் அழுதாள். யாரோ டிராலி தள்ளிக்கொண்டு போனார்கள். அவள் எழுந்துவிடலாமா என்று இடுப்பில் சுற்றியிருந்த சூலுத் துணியின் முனையைச் சேர்த்துப் பிடித்தாள்.

"போகாதே" என்றான் எசாலா, சுவரைப் பார்த்தபடியே. "அந்தப் பக்கமே இரு அக்கா. மாத்திரையை எப்படிச் சாப்பிடணும்னு நீயே சொல்லு."